தள்ளுபடியின் கடைசி நாள்

மே 6, செவ்வாய்

கோடைத் தள்ளுபடி தொடங்கிவிட்டது. காலையில் முட்டை வண்டியை அனுப்பிவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் மெயில் காத்திருக்கிறது. நான் ஆசைப்பட்டுக் குறித்து வைத்த பதினோரு விளையாட்டுகளுக்கு விலை குறைந்திருக்கிறதாம். பதினொன்று! எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிற முப்பத்து நாலு வயசுக்காரிக்கு இத்தனை ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் இந்த நோட்டோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பனி கொட்டும் மலை ஊரில் ஒரு தபால்காரி வீடு வீடாகக் கடிதம் கொடுத்துக்கொண்டு போவாள். துப்பாக்கி இல்லை, அடிதடி இல்லை, நடப்பாள், அவ்வளவுதான். மூன்று பாகம். முதல் பாகம் 1,150 ரூபாய் இருந்தது, இப்போது 230. வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பனியைக் கண்ணால் பார்த்தாலே போதும் எனக்கு.

இன்று இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டு தடவையும் பத்து நொடியில் ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொண்டது. மூன்று போனுக்கும் செய்தி வந்தது: முதலாளி பூபதி அண்ணனுக்கு, எனக்கு, மூன்றாம் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் காத்தானுக்கு. மூன்றாம் ஷெட் முழுக்க அடைத்த ஷெட். ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் காற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் அட்டைச் சுவர், மறுகோடியில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் நின்றால் உள்ளே இருக்கும் இருபத்து நாலாயிரம் கோழிக்கும் மூச்சு நின்றது மாதிரிதான். சைரன் ஒன்று இருந்தது. அது அலறும்போதெல்லாம் கோழி மிரண்டு ஓடில்லாத தோல்முட்டை விடுகிறது என்று போன வருசம் அண்ணன் வயரைக் கழற்றச் சொல்லிவிட்டார். இப்போது போன்தான் சைரன்.

மே 8, வியாழன்

வாங்கிவிட்டேன். என் சம்பளம், என் காசு, எதற்குப் பயம்?

மே 11, ஞாயிறு

வீட்டு லேப்டாப்பில் ஓடாது, அது ஆன் ஆவதே பெரிய விசயம். பண்ணைக் கம்ப்யூட்டரில்தான் இறக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாதாம்.

ஆறு ஜிபி. பண்ணை சிம்மில் ஒரு நாளைக்கு இரண்டு ஜிபிதான். ஷெட்டிலிருந்து எச்சரிக்கைச் செய்தி போவதும் அதே சிம்மில்தான். அதனால் தினமும் ஒரு ஜிபி, அதற்கு மேல் போனால் நிறுத்திவிடு செல்வி என்று எனக்கு நானே கட்டளை போட்டிருக்கிறேன்.

மதியம் அண்ணன் திடீரென்று ஆபீசுக்குள் வந்துவிட்டார். திரையில் தபால்காரியின் படம். சட்டென்று தீவனப் பட்டியலை மேலே இழுத்துவிட்டேன். "என்ன அம்மிணி, மூஞ்சி வேர்த்துக் கெடக்குது?" என்றார். வெயிலுங்ணா என்றேன். வெயில்மேல் எதை வேண்டுமானாலும் போடலாம் போல. ஆனால் அவர் போன பிறகும் தீவனப் பட்டியலை நான் மூடவில்லை. பத்து வருச நம்பிக்கை. சாவிக்கொத்து முழுக்க என்னிடம்தான் இருக்கிறது.

மே 14, புதன்

நாலு ஜிபி ஆயிற்று. நாளையோடு தள்ளுபடி முடிகிறது. இது ஓடுகிறதா என்று தெரிந்தால்தான் மற்ற இரண்டு பாகத்தையும் அதே விலைக்கு வாங்கலாம். நாளை மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

மே 15, வியாழன்

எப்படி எழுதுவது. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் மிச்சம் இரண்டு ஜிபியையும் ஒரேயடியாக இறக்கினேன். ஒரு மணிக்கு முடிந்தது. முடிந்ததும் திரையில் ஒரு அறிவிப்பு, இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இந்த நோட்டிடம்கூட என்னால் பொய் சொல்ல முடியாது. பார்த்தேன், ஷெட் ஞாபகம் வந்தது, ஒரு மதியம்தானே என்று மூடிவிட்டேன்.

அண்ணன் நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஓடியது. அவ்வளவு அழகாக ஓடியது. தபால்காரி நடக்க நடக்கக் காலடியில் பனி நெறுநெறுவென்று சத்தம் கொடுத்தது. ஆபீசில் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, அதனால் கரண்ட் போனது எனக்குத் தெரியவில்லை. 1.55க்குப் போயிருக்கிறது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. நான் பனியில் நடந்துகொண்டிருந்தேன்.

குப்பாயி வந்து கதவை இரண்டு கையாலும் அடித்தபோதுதான் ஹெட்போனைக் கழற்றினேன். குப்பாயி காத்தானின் மனைவி, முட்டை பொறுக்குகிறவள். "அக்கா, கோழி சாவுதுங்க்கா, அய்யோ கோழியெல்லாம் சாவுதுங்க்கா!"

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. காத்தான் இரண்டு பக்கக் கதவையும் பிடுங்கித் திறந்து போட்டுவிட்டு ஜெனரேட்டரிடம் நின்றிருந்தான். பேட்டரி வயர் தளர்ந்திருக்கிறது. அதை வெறுங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட வைத்தான். உள்ளங்கை வெந்துபோயிற்று. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே போனேன். கூண்டுக்குக் கூண்டு கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. சத்தமே இல்லை. மூன்றாம் ஷெட்டில் சத்தம் இல்லாமல் நான் ஒரு நாளும் நின்றதில்லை.

நாலாயிரத்து அறுநூறு.

என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மே 16, வெள்ளி

குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். குழி தோண்டும் மெசின் வந்தது. நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னேன். என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அண்ணன் காத்தானை ஆபீஸ் வாசலில் நிறுத்திக் கேட்டார். "போன் கத்தியிருக்கும்டா. தின்னுபோட்டுத் தூங்கிட்டே."

"சத்தியமா கத்தலைங்க மொதலாளி. ஒன்னே முக்காலுக்கு உள்ள போயிச் சுத்திப் பாத்துட்டுத்தானுங்க சோறு திங்கப் போனேன்."

"அரை மணிக்கொருக்கா சுத்தணும்னு சொல்லியிருக்குதா இல்லியா? ரெண்டேகாலுக்கு எங்கடா இருந்தே?"

காத்தான் பத்து நிமிசம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான். நாற்பது டிகிரியில் சாப்பிட்ட மனுசன் பத்து நிமிசம் உட்கார மாட்டானா?

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உனக்கு மெசேஜ் வந்துச்சா அம்மிணி? நான் இருந்த மண்டபத்துல டவரே இல்ல."

"வரலைங்ணா." அது உண்மைதான்.

மே 17, சனி

என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டிவிட்டாராம். "ஏன் செல்வி, குரலு ஒரு மாதிரி இருக்குது?" சளி மாமா என்றேன். கோழி செத்ததைச் சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை. "அடப்பாவமே, காத்தான் நல்ல பையனாச்சே" என்றார்.

ஷெட்டிலிருந்து எச்சரிக்கை அனுப்பும் பெட்டியைத் திங்கட்கிழமை மெசின் கம்பெனி ஆள் வந்து திறந்து பார்க்கப் போகிறானாம். எதெது எத்தனை மணிக்கு நின்றது என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்குமாம்.

மே 18, ஞாயிறு

விளையாட்டை அழித்துவிட்டேன். அழித்தது தெரியுமா? அழித்ததும் எங்கேயாவது பதிவாகியிருக்குமா?

மே 19, திங்கள்

கம்பெனி ஆள் வந்தான். ஒரு மணி நேரம் பெட்டியைக் குடைந்தான். நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றேன்.

"எச்சரிக்கை கிளம்பியிருக்குதுங்க சார். நெட்டு கெடைக்காம உள்ளயே தங்கிப்போச்சு. டவர் பிரச்சினையா இருக்கும்."

டவர் பிரச்சினை. தப்பித்தேன்! ஒரு நொடி எனக்குச் சந்தோசமாக இருந்தது. அய்யோ, எழுதவே கூசுகிறது. உடம்பெல்லாம் லேசாகி, அவனுக்கு டீ வாங்கி வரச் சொன்னேன்.

அப்படியானால் காத்தானை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. "டவர் இல்லாட்டி என்ன? மனுசன் எதுக்கு இருக்கறான்? சுத்தியிருந்தா ஒன்னும் ஆயிருக்காது" என்றார்.

மே 20, செவ்வாய்

காத்தானும் குப்பாயியும் பண்ணை அறையைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஒரு மொபட்டில் குண்டான், பாய், துணி மூட்டை எல்லாம். ஆட்டையாம்பட்டிப் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்கு. கேட்டைத் திறந்துவிட வேண்டியவள் நான்தான். குப்பாயி, "வாரேனுங்க்கா" என்றாள். காத்தான் கையில் துணி சுற்றியிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வண்டியை உதைத்தான்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். பூட்டைக் கையில் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

மே 21, புதன்

நாளையோடு பதினான்கு நாள். எப்படியாவது இது என் பெயரிலிருந்து போனால் போதும் என்று திருப்பிக் கொடுக்கும் பக்கத்தைத் திறந்தேன். ஆடிய நேரம்: 68 நிமிடம் என்று காட்டியது. அவ்வளவு நேரமா?

ஏன் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கட்டம். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது. என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எழுத ஆரம்பித்துவிட்டேன். தமிழிலேயே எழுதினேன். டேட்டா தீர்ந்ததைப் பார்த்தேன், மூடினேன், செய்தி போகவில்லை, நாலாயிரத்து அறுநூறு கோழி செத்தது, காத்தான் போய்விட்டான், எல்லாம். எந்த நாட்டிலோ இருக்கிற, தமிழ் தெரியாத ஒருவனுக்கு. அனுப்பிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

சாயங்காலம் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது, பணம் ஒரு வாரத்தில் வரும். அவ்வளவுதான். நான் எழுதியதை ஒருத்தரும் படித்திருக்க மாட்டார்கள். படிக்கத் தெரிந்த மனுசன் முப்பதடி தள்ளித் தீவன அறையில் நின்றுகொண்டிருக்கிறார். அண்ணனிடம் போகக் கால் வரமாட்டேன் என்கிறது. வேலை போய்விடும். போலீஸுக்குப் போவாரா? ஊரே பேசும், என் வீட்டுக்காரர் காதுக்கும் போகும். பொம்பளை ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆடி முதலாளி கோழியைக் கொன்றாள் என்று.

மே 22, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு, தீவன அறையில், நின்றபடியே. பாதியில் நிறுத்திவிடுவேனோ என்று பயந்து மூச்சு விடாமல் சொன்னேன். அண்ணன் சாக்கில் இருந்து மக்காச்சோளத்தை அள்ளி அள்ளித் திரும்ப அதிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

"டேட்டா தீந்துபோச்சுன்னு வந்ததப் பாத்தியா?"

"பாத்தேங்ணா."

"ம்." அப்புறம், "சைரன் வயரக் கழட்டச் சொன்னவன் நானு. அத நான் எவங்கிட்டப் போயிச் சொல்றது?" என்றார். எனக்கு ஆறுதலாக அவர் அதைச் சொல்லவில்லை. குரல் அப்படி இல்லை. "சாவியெல்லாம் வெச்சுட்டுப் போயிரு அம்மிணி. கோவம் தணிஞ்சா கூப்புடுவேன்னு மட்டும் நெனச்சுக்காதே."

காத்தானை மறுபடி கூப்பிடுவீங்களா என்று கேட்டேன். "நான் கூப்புடறேன். மொதல்ல நீ அவங்கிட்டப் பேசு. என்ன நடந்துச்சுன்னு உன் வாயால அவனுக்குத் தெரியட்டும்."

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று போன் பண்ணினேன். அண்ணனிடம் சொன்னதைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தேன். காத்தான் எல்லாவற்றையும் கேட்டான். போனைக் குப்பாயி வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணுனீங்க? ஒரு வாரமா இந்த மனுசன் ஒரு வாய் சோறு ஒழுங்காத் திங்கல. போன் கத்துச்சோ, நாந்தான் தூங்கிட்டனோ, நாந்தான் தூங்கிட்டனோன்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. போனைக் கையில வெச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்கறாருங்க!"

இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

மே 25, ஞாயிறு

வீட்டுக்காரர் லாரியோடு வந்துவிட்டார். எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. லாரியைக் கழுவப் போய்விட்டார்.

ஜூன் 3, செவ்வாய்

காத்தான் பண்ணைக்குத் திரும்பிவிட்டானாம். சைரனையும் மாட்டிவிட்டார்களாம்.

எனக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. மதியம் இரண்டு மணி ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. இங்கே கரண்ட் போனால் அங்கேயும் போயிருக்கும் என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். நேற்று வெட்கத்தை விட்டுக் காத்தானுக்கு அடித்தேன். ஃபேன் ஓடுதா என்று கேட்டேன். "ஓடுதுங்க." டக்கென்று வைத்துவிட்டான். இன்றும் அடித்தேன். "ஓடுதுங்க." அதே மாதிரி வைத்துவிட்டான். எடுக்காமல் இருக்கலாம், எடுக்கிறான்.

ஜூன் 9, திங்கள்

எருமப்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கேட்டிருக்கிறேன். என்ன நடந்ததென்று கடைக்கார அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

இன்றோடு எட்டு நாள் காத்தானுக்கு அடித்துவிட்டேன். போதும். அவன் வேலையைக் கெடுத்தவள் அவன் சாப்பிடுகிற நேரத்தையும் கெடுக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று அடிக்கவில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். வேர்வை காதோரம் வழிந்தது. இரண்டு பத்துக்குப் பானைக்குள் போன் அடித்தது. அரிசியோடு வாரி எடுத்தேன். காத்தான்.

"ஃபேன் ஓடுதுங்க்கா" என்றான். வைத்துவிட்டான்.