மாமியின் கொரியாப் பொடியன்

மாமி,

நேற்று மகளின் போனில் ஓடிய ஒரு நாடகத்தில் உங்கள் கொரியாப் பொடியனைக் கண்டேன். இப்போது அவருக்கு அப்பா வேடம். கல்யாணப் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, போகும்போது தலையைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பல் மட்டும் மாறவே இல்லை. "ஆரும்மா இவர்? தெரிஞ்ச ஆளைப் போலப் பாக்கிறீங்க" என்று மகள் கேட்டாள். உங்களிடம் கேட்டிருந்தால் நாள் முழுக்கக் கதை சொல்லியிருப்பீர்கள். "ஆரோ ஒரு நடிகர்" என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் மகன், என் புருஷன், காலையில் சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்பாமல் மாதங்கள் ஆகியிருந்தன. அவரைத் தேடி இராணுவ முகாம் முகாமாக அலைந்து நாம் இருவரும் களைத்திருந்தோம். அப்போதுதான் உங்கள் ஊர் அமிர்தகழியிலிருந்து ஓர் உடுப்புப் பையோடு வந்து இறங்கினீர்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அவனைப் பெற்றவள் மருமகள் வீட்டில் தங்கினால் ஊர் நாலு விதமாகக் கதைக்கும். அதனால் வாசல் படலையிலேயே காரணம் சொல்லிவிட்டீர்கள்.

"உன்ட அண்ணன் அனுப்பின நாடகம் பாக்க வந்தனான் புள்ள. முடிஞ்சதும் போயிருவன்."

கொரியாவில் வேலைசெய்த அண்ணன் அனுப்பிய சீடிகள் அவை. பாஷை நம் இருவருக்கும் ஒரு சொல் விளங்காது. முதல் நாடகத்தில் அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் வேலைக்காரனாக அந்தப் பொடியன் வந்தான். ஆள் நல்ல வெள்ளை, சின்னக் கண். உங்கள் மகனோடு ஒரு பொருத்தமும் இல்லை. ஆனால் வாளியோடு போனவன் தலையைச் சாய்த்துத் திரும்பியதும் என் கையைப் பிடித்தீர்கள். "என்ட மகன் கிறுகிப் பாக்கிறாப்போல இல்லையா புள்ள?" எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லத்தான் பயந்தேன்.

அந்த நாடகம் முடிந்ததும் பையைக் கட்டினீர்கள். கைப்பிள்ளையாக இருந்த மகளோடு அந்த வீட்டில் தனியே கிடக்க எனக்குப் பயமாக இருந்தது. "அந்தப் பொடியன் இதிலயும் வாறான் மாமி" என்று அடுத்ததைப் போட்டேன். அதில் அவன் போர்வீரன். அம்பு பட்டுச் செத்துப்போனான். அன்று முழுக்க நீங்கள் சோற்றைத் தொடவில்லை. எதை அனுப்புவது என்று தெரியாத அண்ணனை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மூன்றாவதில் அவனே டொக்டராகக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். "பாத்தியா, செத்தவன் மறுகா வந்திட்டான்!" என்று கைதட்டினீர்கள். பிறகு கதாநாயகன் ஆனான். பெற்ற பிள்ளைக்கு உத்தியோகம் உயர்ந்தது போல அயலுக்கெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். கதாநாயகி அவனை அறைந்த அன்று நீங்கள் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. வாவிக்கு அப்பால் ஷெல் சத்தம் கேட்டால் டீவியின் சத்தத்தைக் கூட்டச் சொல்வீர்கள்.

இப்படி நாடகத்துக்கு நாடகம் உங்களை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சீடி பிளேயர் பழுதாகிவிட்டது. திருத்துகிறவர் கையை விரித்துவிட்டார். முற்றத்தில் நின்று சிறுபிள்ளை போல அழுதேன். இறால் உரித்துக்கொண்டிருந்த நீங்கள் தலை நிமிராமலே சொன்னீர்கள்:

"அந்த நாடகத்தில எனக்கு ஒரு மண்ணும் விளங்கல்ல. என்ட மகன் இனி வரமாட்டான் எண்டும் எனக்குத் தெரியும். நீ தெருவைப் பாத்துக்கொண்டு தனிய இருக்கிறாய் எண்டுதான் புள்ள நான் இங்க இருக்கிறன்."

சொல்லிவிட்டு இறாலைக் கழுவப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நாடகம் இல்லை. நீங்கள் மட்டும் கடைசிவரை இருந்தீர்கள். ஊர் கதைத்தது. "கதைக்கட்டும்" என்றீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இந்த வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை, மாமி.

உங்கள் மகன் வரமாட்டார் என்பது உங்களுக்கு அன்றே தெரிந்தது; எனக்கு இன்னும் தெரியவில்லை. நேற்று மகள் குளிக்கப் போனதும் போனை எடுத்து அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொடியனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. கன்னம் கொஞ்சம் ஒட்டிவிட்டது. உங்கள் மகனும் இப்போது ஏறக்குறைய இப்படித்தான் இருப்பார் என்று மனதில் பதித்து வைத்துக்கொண்டேன். தெருவில் கண்டால் எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா.