மரம் நின்ற வட்டம்

மார்ச் 3

அடிமரத்தையும் எடுத்தாயிற்று. எந்திரக்காரர் இரண்டு மணி நேரத்தில் வேரோடு தூளாக்கிவிட்டுப் போனார். என் மனைவியின் முதல் கணவர், மகள் பிறந்த அன்று நட்ட மரம். செத்துப் பத்து வருஷமாகியும் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார் மனிதர். கழிவுநீர்க் குழாய்க்குள் வேர் போய்விட்டது என்று சொல்லித்தான் வெட்டவைத்தேன். போகவில்லை. அதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

குழியை அந்தத் தூளாலேயே நிரப்பி, மேலே கொஞ்சம் மண் போட்டுப் புல்விதை தூவினேன். இனிமேல் இது என் தோட்டம்.

மார்ச் 10

மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிப் போகிறாள். மரமே இல்லை, எதைச் சுற்றுகிறாள்? (என்னை இன்னும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறாள்.) அவள் அம்மா அதற்கு மேல். துணி காயப்போடப் போகையில் தலையைக் குனிகிறாள் — இல்லாத கிளைக்கு! செத்தவன்மேல் பொறாமைப்படுகிற மடையன் என்னைத் தவிர வேறு யார் இருப்பான்?

மார்ச் 24

முளைத்துவிட்டது. ஆனால் மஞ்சள்.

மார்ச் 27

இன்னும் மஞ்சள்.

ஏப்ரல் 2

நர்சரிக்காரர் சிரித்தார். "மரத்தூள் மக்கி முடியிற வரைக்கும் மண்ணுல இருக்கிற சத்தை அதுவே இழுத்துக்கும் சார். புல்லுக்கு என்ன மிஞ்சும்?"

போன பிறகும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்காத ஆள்! தூளையெல்லாம் தோண்டிக் கொட்டினேன். புது மண், புது விதை, உரம். நர்சரிக்காரர் ஒரு பிடி போதும் என்றார். நான் நாலு பிடி போட்டேன்.

ஏப்ரல் 28

புல் வந்தது. எப்படி வந்தது? வட்டமாக, கரும்பச்சையாக, சரியாக மரம் நின்ற அளவுக்கு. சுற்றியுள்ள புல்லெல்லாம் அதன் பக்கத்தில் வெளுத்துக் கிடக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் நானே அவருக்கு நினைவிடம் கட்டிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நாளைக்கே மூட்டை உரம் வாங்கித் தோட்டம் முழுக்க இறைக்க வேண்டும். வட்டம் தெரியக் கூடாது.

ஏப்ரல் 29

மூட்டையோடு வந்து இறங்கினால், வட்டத்தின் நடுவில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். பொறுக்கவில்லை. கத்தினேன். இன்னும் அவரோடதான் குடித்தனம் பண்றியான்னு கேட்டுட்டேன். சே, என்ன நாக்கு இது.

"இங்கதான் புல்லு மெத்துன்னு இருக்கு. நீங்க வளர்த்ததுதானே" என்றாள். பிறகு மெதுவாக, "குழாயில வேர் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். குழாயைப் பார்க்க வந்த ஆள்கிட்ட நானும் கேட்டேன்."

அப்புறம் எதற்கு வெட்டச் சம்மதித்தாய் என்றேன்.

"மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்க மூஞ்சி சுண்டிப் போயிடும். என்னால அதைப் பார்த்துட்டு இருக்க முடியலை. மரம் போனா போகுதுன்னு விட்டேன்."

மூட்டையைத் திரும்ப வண்டியிலேயே ஏற்றினேன்.

மே 4

உர மூட்டையைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 11

காலையில் வட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன். சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தது. துணி எடுக்க ஓடினேன். கிளை இருந்த இடத்தில் என் தலை தானாகக் குனிந்தது. ஜன்னலில் நின்று அவள் பார்த்துவிட்டாள்.