தொட்டியில் ஊற்றிய உப்பு

அன்பு மகன் ஜதுர்சனும், அவன் தோளுக்குப் பின்னால் நின்று இதை வாசிக்கப்போகும் மருமகள் தேனுகாவும் கேளுங்கள். நான் நலமாயிருக்கிறேன், நீங்களும் அந்தக் குளிரில் நலமாயிருக்க முத்துமாரி துணை நிற்கட்டும். நலமிழந்தவை என் மண்புழுக்கள். அவற்றைக் கொன்றது, மகனே, உன் வெட்கம்.

செவ்வாய்க் காலை தொட்டியின் ஈரச்சாக்கை விலக்கினேன். ஆயிரமாயிரம் புழுக்கள் சீமெந்துச் சுவரில் ஏறி, ஏறிய இடத்திலேயே காய்ந்து ஒட்டிக் கிடந்தன. விளிம்பில் தேங்கிய நீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு! கருவாடு போட்டு மிஞ்சிய உப்புத்தண்ணீர் ஐந்து வாளி. ஊற்றியவன் பக்கத்து வீட்டு லதீசன். கேட்டதும் அந்தப் பிள்ளை அழுதுவிட்டான். “மாமி, அண்ணைதான் போன் எடுத்துச் சொன்னவர், தேனுகா அக்கான்ர ஆக்கள் வரமுதல் உந்த அழுகலை ஒரு வழி பண்ணு எண்டு. புழு சாகுமெண்டு எனக்குத் தெரியாது” என்றான். அவனை நான் ஏசவில்லை. மீன் அழுகாதிருக்க உப்பிடும் நம் சல்லிக் கிராமத்தில் பிறந்தவன், அழுகல் என்று நீ சொன்னதும் உப்பிட்டான். குற்றம் ஊற்றிய கையில் இல்லை, ஏவிய வாயில் இருக்கிறது.

எது அழுகல்? ஜமால்தீன் தன் தேநீர்க்கடையிலிருந்து கொண்டுவரும் தேயிலைச் சக்கையும், சந்தையின் மரக்கறிக் கழிவும், கிழிந்த முட்டை அட்டையும் அங்கே கறுத்த எருவாயின. முதல் மழை விழுந்த மண்ணின் மணமன்றி வேறு மணம் அங்கே இருந்ததில்லை. நம் நகரத் தெருக்களில் மாடுபோல் திரியும் மான்களில் ஒன்று, சோறு சுற்றிய பொலித்தீனைத் தின்று வயிறு ஊதிச் செத்ததைப் பார்த்து, பள்ளிவிட்டு வந்து இரண்டு நாள் உண்ண மறுத்தவன் நீ. குப்பைக்கு யார் பொறுப்பேற்பது என்று அன்று கேட்டவன் நீ. ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்றபின் பொறுப்பேற்றவள் நான். அதற்கா இந்தத் தண்டனை?

குடாக்கடலுக்கு அப்பால் மூதூரில் இருக்கும் ஜமால்தீனின் மாமியார் ஆமினா உம்மாவுக்கு முன்னொருநாள் ஒரு சிரட்டைப் புழு கொடுத்திருந்தேன். செய்தி கேட்டு நேற்று ஒரு பேசின் பாத்திரம் நிறையப் புழு அனுப்பியிருக்கிறார். “ரீச்சர், இது ஒங்கட புள்ளைகள்தான், வீட்டுக்குத் திரும்பி வருதுகள்” என்று சொல்லியனுப்பினாராம். குடாக்கடல் கடந்து போனவை தாய்வீட்டை மறக்கவில்லை. பெருங்கடல் கடந்தவனைப் பற்றி நான் என்ன சொல்ல?

அந்தப் பேசின் அடுப்படிக் குசினி நிழலில் காத்திருக்கிறது. உப்பேறிய மண்ணை அள்ளிக் கொட்டி, கிணற்று நீரால் தொட்டியைக் கழுவும்வரை ஒரு புழுவையும் அதில் விட ஏலாது. என் முழங்காலோ மண்வெட்டி பிடிக்க விடாது. செய்யக்கூடியவன் லதீசன் ஒருவனே, அவனோ வெட்கத்தால் மூன்று நாளாக என் படலையைத் தாண்டவில்லை. தபாலை நம்பினால் இவையும் செத்துவிடும், ஆகவே ஜமால்தீன் இக்கடிதத்தைப் படம்பிடித்து உன் தொலைபேசிக்கு அனுப்புவார்.

பிள்ளை தேனுகா, உன் பெற்றோர் தாராளமாக வரட்டும், தொட்டியடியிலேயே கதிரை போட்டு இருத்துவேன். நீங்கள் இருவரும் நீடு வாழ்க. மகனே, குளிருக்குக் காதை மூடு, என் சொல்லுக்கு மூடாதே. உன் மாமனாரிடம் என் தாய் மண்புழு வளர்க்கிறாள் என்று உன் வாயாலேயே சொல். அதற்கு முன் லதீசனை அழைத்து, பிழை என்னுடையது, மண்வெட்டியோடு அம்மாவிடம் போ என்று சொல். நாளைக்கல்ல, வாசித்து முடித்த இந்தக் கணமே அழை!

உன்னைப் பெற்ற
இராசமலர்
சல்லி