மாலை நேர அறிவிப்பாளர் மீதான மொட்டைக் கடிதத்தை எழுதியவன் குறித்து

அனுப்புநர்:
நேரக் காப்பாளர்,
பேருந்து நிலையம்.

பெறுநர்:
உயர்திரு நிலைய மேலாளர் அவர்கள்,
பேருந்து நிலையம்.

பொருள்: தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ள மாலை நேர அறிவிப்பாளர் மீது வந்த பெயரில்லாக் கடிதம் – எழுதியவன் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா,

1. மாலை நேர அறிவிப்பாளர் வாடை வராத போதை மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார் என்று சென்ற மாதம் தங்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. தாங்கள் இரவு ஏழு மணிக்கு நேரில் வந்து, அவர் பேருந்து எண்களை மூக்கால் குழறி வாசித்ததைக் கேட்டு, அவரைப் பணியிலிருந்து நிறுத்தினீர்கள். அக்கடிதத்தை எழுதியவன் நான். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடக்கையால் எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே வரிகளை மீண்டும் இடக்கையால் எழுதி இணைத்துள்ளேன்.

2. பதினோரு ஆண்டுகளாக அந்த அம்மையாருக்கும் எனக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. ஆறு மாதமாக, மதியம் இரண்டு மணிக்குக் கணீரென்று வாசிப்பவர் ஆறு மணிக்கு மேல் சொற்களை விழுங்கினார். இமை பாதி இறங்கிவிடும். சாப்பிடும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொள்வார். நான் 'அரைக்கண்ணு' என்று பட்டப்பெயர் வைத்து, கேன்டீனில் அவரைப் போலவே பேசிக் காட்டினேன். ஓட்டுநர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

3. ஒரு நாள் புறப்பாட்டுப் பதிவேட்டில் தவறு செய்து, தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உதட்டோரம் மேலே ஏறாமல், பல் மட்டும் தெரிய, ஏளனமாகச் சிரித்ததாக எனக்குப் பட்டது. அன்று மாலையே கடிதம் எழுதினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

4. சென்ற செவ்வாய்க்கிழமை என் மனைவியின் கழுத்து வலிக்காக மருத்துவமனைக்குப் போனேன். நரம்புப் பிரிவில், திரைக்கு அப்பால் அவர் குரல் கேட்டது. மருத்துவர் அவரை ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தார். அறுபதைத் தாண்டியதும் அதே குழறல். திரை இடுக்கில் பார்த்தேன்; இறங்கிய இமையின் மேல் ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் வைத்தார்கள், இமை ஏறியது. 'மயஸ்தீனியா' என்றார் மருத்துவர். நரம்பு இடும் உத்தரவு தசைக்குச் சரியாகப் போய்ச் சேராதாம். வேலை செய்யச் செய்யத் தசை தளரும், ஓய்வெடுத்தால் தேறும், முகத் தசையும் அப்படித்தான் என்றார்.

5. வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் சிரித்தார். அதே சிரிப்பு. அந்த உதடு அவ்வளவுதான் ஏறும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "என்னண்ணே, அண்ணிக்கு உடம்புக்கு முடியலையா?" என்று முதலில் விசாரித்தார். பிறகு, "விசாரணைக்கு நீங்க வந்து, நான் எந்த போதையும் போடறதில்லைன்னு சொல்லுங்கண்ணே. பக்கத்துலயே இருக்கறவர் சொன்னா நம்புவாங்க" என்றார். "சரிம்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஐயா, என் வாய்க்கு எந்த நோயும் கிடையாது.

6. விசாரணை பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு. காலையில் அவர் பிசிறில்லாமல் வாசிப்பார். 'மதியம் சரியாக வாசிப்பவர் மாலையில் குழறினால் போதைதான்' என்று என் கடிதத்தில் உள்ள வரியே அவருக்கு எதிராக நிற்கும். ஆகவே விசாரணையை மாலை ஆறு மணிக்கு மாற்றி, மருத்துவரின் சான்றையும் கேட்டுப் பெற்று, அவரைப் பணியில் சேர்த்து, நடுவே ஓய்வுடன் காலை முறைப் பணி வழங்க வேண்டுகிறேன். எனக்குத் தாங்கள் விதிக்கும் தண்டனை எதுவானாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

7. அன்று அவர் என்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார். அப்போது இம்மனுவை அவர் முன்னிலையில் நானே வாசிக்க அனுமதி வேண்டும். கேன்டீனிலும் வாசிக்கிறேன், அங்கே சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து. இம்முறை வலக்கையால் கையொப்பமிட்டிருக்கிறேன்.

இடம்: நேரக் காப்பாளர் அறை
நாள்: 13ஆம் தேதி

இப்படிக்கு,
(கையொப்பம்)
நேரக் காப்பாளர்

இணைப்பு: இடக்கையால் எழுதிய தாள் – 1