எல்லையில் போட்ட ஷெட்டு

மக்கா,

இன்று காலையும் பக்கத்து வீட்டில் பால் கவரைக் கூட்டிப்போட்டுக் கொளுத்தினார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பூ வாசத்தில் நினைக்க வேண்டிய தோழியை இப்படி நினைக்கிறேன், என்ன செய்ய? நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் வேலிக்கு மேலே தலையை நீட்டி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாய்.

பழைய சாமான் எடுக்க வருகிறவர் இரும்பும் பேப்பரும் பாட்டிலும் எடுப்பார், கவரைத் தொடமாட்டார். அதற்காகத்தான் கிராமசபையில் எழுந்தாய். "கழுவி ஒணக்கித் தந்தா நாங்க தரம் பிரிச்சு கம்பெனிக்கு அனுப்புவோம். வார்டுக்கு ஒரு ஷெட்டு வேணும்." சபையே சிரித்தது. ஆனாலும் ஒரே ஒரு ஷெட்டு கிடைத்தது. அதைப் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் நீதான். "அந்தப் பக்கமும் நம்ம சொந்தக்காரங்கதானே உண்டு? ரெண்டு பக்கத்து ஆளும் கொண்டு வரட்டும் மக்கா."

கொண்டு வந்தார்கள். முதலில் கவர் வந்தது. பிறகு கல்யாண வீட்டு எச்சில் இலை, கோழிக்கடைக் கழிவு, எல்லாம் மூட்டை மூட்டையாக வந்தது. புழு நெளிந்த குவியலுக்குள் கையை விட்டு நாம் இரண்டுபேரும் கவர் பொறுக்கினோம். பஞ்சாயத்துக்குப் போனால், "அது தமிழ்நாட்டு வேஸ்டாக்கும் சேச்சி, நாங்க எடுக்கமாட்டோம்" என்றார் மெம்பர். அந்தப் பக்கத்து ஆபீசில், "ஷெட்டு கேரளாவுலல்லா நிக்குது?" என்றார்கள்.

"குப்பைக்கு ஏது சாரே ரேஷன் கார்டு?" என்று நீ கத்தினாய். இரண்டு பக்கத்திலிருந்தும் குப்பை எடுக்க வண்டி வரவில்லை.

கடைசியில் ஊர்க்காரர்களே வந்து பூட்டுப் போட்டார்கள். நாற்றத்தில் பிள்ளைகள் சோறு தின்னவில்லையாம். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீ அடங்கவில்லை. "அடுத்த ஷெட்ட ஊருக்கு நடுவுல வைப்போம். எச்சி எலைக்கு தனியா ஒரு குழி. நீ எடம் பாரு."

"மொதல்ல நீ எழும்பி வா" என்றேன். நீ வரவில்லை.

போன வாரம் கிராமசபையில் ஷெட்டைப் பற்றிக் கேட்டேன். புது மெம்பர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஷெட்டு?" என்றார். தகரத்தை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சு உடனே தெருவிளக்குக்குப் போய்விட்டது.

நீ சொன்னபடி இடம் பார்த்துவிட்டேன் மக்கா. வாசகசாலைக்குப் பின்னால், லாரி திரும்பலாம், குழிக்கும் இடம் உண்டு. இனி ஒன்றும் நடக்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். இடம் கிடைத்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்ல?