காளையை அழித்த படம்

பிப்ரவரி 9, 1936

மூன்றாவது பெண் வீட்டாரும் பதில் போட்டுவிட்டார்கள், காளைக்கு எத்தனை பல் என்று கேட்டு. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெண் வீடுகளுக்கு அனுப்ப என்னிடம் இருப்பதே ஒரு படம்தான். போன வருஷம் காங்கேயம் மாட்டுச் சந்தையில் எங்கள் காளை பரிசு வாங்கியபோது பிடித்தது. முக்கால் படம் காளை. அதன் திமில்மேல் வலது கையைப் போட்டுக்கொண்டு இருட்டாக நிற்பவன் நான். வயது முப்பது ஆகிறது. இந்த வருஷமும் தவறினால் அம்மா அழுதே ஊரைக் கூட்டிவிடுவாள்.

பிப்ரவரி 17

கோயமுத்தூர் ஸ்டூடியோவுக்குப் போனேன். காளை பக்கத்தில் இல்லாமல் கேமரா முன் நின்றால் எனக்குக் கண் மூடிக்கொள்கிறது. இரண்டு கண்ணாடித் தகடு வீண்.

பிறகு சந்தைப் படத்தைக் கொடுத்து, காளையைக் கொஞ்சம் அடக்கி என்னைத் தூக்கலாகக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ஸ்டூடியோக்காரர் கோவிந்தராஜுலு நாயுடு வெகுநேரம் பார்த்தார். "அடக்கறது எதுக்குங்க? அழிச்சே போட்டர்லாங்க."

படத்தையே திரும்பப் படம் பிடித்து, அந்தத் தகட்டில் காளைமேல் மை பூசுவாராம்; அச்சுப் போட்டால் அந்த இடம் வெள்ளையாகிவிடுமாம். என் முகத்துக்குப் பென்சிலால் வெளிச்சம் ஏற்றுவாராம்.

பிப்ரவரி 26

படம் வந்தது. காளை இருந்த இடத்தில் வெள்ளை வானம். முகம் என்ன பளிச்! எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது. அம்மா இன்றே பவானிக்கு, செங்கோடன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவர் மகள் பெயர் சாந்தாமணி.

மார்ச் 11

பதில் இல்லை.

மார்ச் 19

செங்கோடன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையையே பார்த்தார். குடித்த செம்பை அந்தப் பக்கமாகவே நீட்டினார். வாங்கினேன். தன் பையைத் தூக்கி ஆணியில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். கடைசியில் கேட்டே விட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. அந்தக் கை கீழ எறங்குமுங்களா?"

ஐயோ — அப்போதுதான் புரிந்தது. காளையை அழித்த நாயுடு, திமில்மேல் இருந்த கையை அப்படியே விட்டிருக்கிறார். வெட்டவெளியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்! நாங்கள் முகத்தைப் பார்த்து மயங்கியதில் ஒருவருமே கவனிக்கவில்லை.

பத்துத் தடவை கையை ஏற்றி இறக்கிக் காட்டினேன். கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய்க் காளையையும் காட்டினேன். அவருக்குச் சிரித்தே புரையேறிவிட்டது. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஜூன் 5

கல்யாணமாகி ஒரு வாரம். காளைக் கதை சாந்தாமணிக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றை இன்று காலை சொன்னாள். படம் போனதும் கை வராத மாப்பிள்ளை வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் ஒதுக்கிவிட்டார்களாம்.

"நாந்தானுங்க ஐயனப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னேன். கை வராட்டிப் போகுது, சோறு நான் ஊட்டிக்கறேன்னு சொன்னனுங்க."

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வலது கை கொஞ்சம் வலிக்கிறது என்றேன்.