உன் பேர் வராத ஜெபம்

அன்புள்ள அண்ணனுக்கு மெர்சி எழுதுவது. கொஞ்ச நாளாகச் சாயங்கால ஜெபத்தில் உன் பேர் வருவதில்லை. அம்மா என் பேரைச் சொல்லி, பக்கத்து வீட்டு கல்பனா அக்காவின் வயிற்றுப் பிள்ளையைச் சொல்லி, நம் தெருவைச் சொல்லி ஆமென் போட்டுவிடுகிறார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. நீ போனை எடுக்காததால், கல்பனா அக்கா வீட்டுக்காரர் மஸ்கட் திரும்பும்போது அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறோம். இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

மகனே அன்பு, இங்கே நானும் உன் தங்கையும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இருக்கிறோம், நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று கல்பனா வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பொன்னேரிப் பக்கம் நல்ல மழை, வீட்டின் பின்பக்கம் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன். மெர்சி சிப்காட்டில் பிஸ்கட் பாக்கெட் போடும் வேலைக்குப் போகிறாள், வாய் திறந்து பேசாத பிள்ளை எப்படிச் சமாளிக்கிறதோ. அப்பா வேலை பார்த்த இரும்புக் கம்பெனியில் இருந்து அவருடைய சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கழுவித்தான் கொடுத்தார்கள், நான் இன்னொரு தரம் கழுவினேன். கிரேன் சங்கிலி அறுந்து இரும்பு அவர்மேல் விழுந்த நேரத்தில் அவர் அங்கே நிற்க வேண்டியவரே இல்லையாம், யாரையோ கூப்பிடப் போனாராம். அடக்கத்துக்கு வர உனக்கு லீவு தரவில்லை, போனில்தான் பார்த்தாய், அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு நீ, "தெனம் வாசல்ல நிக்க வெச்சி ஜெபம் பண்ணியே, இன்னா ஆச்சு? அப்பாவுக்குப் பண்ணது போதும்மா, எனுக்குப் பண்ணாத" என்று சொல்லிப் போனை வைத்தாய். அந்த வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நீ கேட்டதை நானும் கேட்டேன்டா. போகும்போதும் வரும்போதும் காக்கிறவர் என்றுதானே தினமும் அப்பா தலையில் கை வைத்துச் சொன்னேன். அவரும், "சீக்கிரம் ஆமென் சொல்லு சுகிர்தா, ஆண்டவரு காத்துக்கினு இருப்பாரு, கம்பெனி பஸ்ஸு இருக்காது" என்று சிரிப்பார். கடைசி நாளில் பாதி ஜெபத்திலேயே தானே ஆமென் சொல்லிக்கொண்டு ஓடினார். வேதத்தில், எகிப்தில் நிலைக்காலில் ஆட்டு இரத்தம் பூசிய வீடுகளைச் சாவு கடந்துபோனதே, நம் வாசலை ஏன் கடக்கவில்லை என்று பாஸ்டரிடம் கேட்டேன், அவர் என்னோடு சேர்ந்து அழுதார். யாக்கோபு வீட்டை விட்டுப் போய்க் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தான், நீ போகிற இடமெல்லாம் கூடவே இருந்து காப்பேன் என்று ஆண்டவர் அவனிடம் சொன்னார், நீ மஸ்கட் போன நாளிலிருந்து உனக்காக அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது உன் பேர் நாக்கு வரை வருகிறது, நீ வேண்டாம் என்றது ஒரு பக்கம், நான் கேட்டால் உனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், விழுங்கிவிடுகிறேன். அந்தப் பேரை உனக்கு வைத்தவளே நான்தான். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, ஒரே ஒரு தரம் போனை எடு, நீ பேச வேண்டாம், மூச்சுச் சத்தம் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா சுகிர்தா

அண்ணா, இது மெர்சி. அம்மா பேரைப் போடுவதற்கு முன்னால், ஆசீர்வாதம் எழுத வேண்டாமா என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். என் பேர் வந்தது, கல்பனா அக்கா பிள்ளை வந்தது, தெரு வந்தது, அம்மா ஆமென் சொல்லப் போனார்கள். சர்ச்சில் பாஸ்டர் கூப்பிட்டுக்கூட நான் சத்தமாக ஜெபம் பண்ணியதில்லை என்று உனக்குத் தெரியும். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே எங்கள் அன்புச்செல்வனைக் காத்துக்கொள்ளும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.